இல்லறச் சிந்தனை: மலையடிவாரத்தில் செய்ய வேண்டிய உடன்பாடு

ஆண்டுகள் பல ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தம்பதியர் ஒருவரையொருவர் முற்றும் அறிந்திருப்பர் என்று நாம் எண்ணுகிறோம். வீட்டில் அவரவர்க்கு ஓர் இடமும் ஒரு வேலையும் அமைந்துவிடுகின்றன. அடுக்களை ஒருவர் பொறுப்பு. வரவு செலவு மற்றவர் பொறுப்பு. இந்த ஏற்பாட்டிலே நாள்கள் ஓடிவிடுவதால், களைப்பிலும் அச்சத்திலும் துணைவர் எப்படிப்பட்டவர் என்பதை அறியும் வாய்ப்பு பலருக்குக் கிட்டுவதில்லை. அவ்வாய்ப்பை அளிக்கும் ஒரு விடுமுறைப் பயணத்தைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். கணவனும் மனைவியுமாக முதுகில் சுமை ஏந்தி, மலைக்காட்டில் நடந்து, இரவில் கூடாரமிட்டுத் தங்கும் பயணமே அது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத் தேசியப் பூங்கா உள்ளது. 1915ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற இப்பூங்காவில் 300 மைலுக்கு மேற்பட்ட நடைபாதைகள் உள்ளன. இதன் மிக உயர்ந்த சிகரமாகிய லாங்ஸ் பீக் 14,259 அடி உயரமுடையது. கோடைதோறும் எண்ணற்ற தம்பதியர் இங்கு வருகின்றனர். புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையும் 1993 ஆகஸ்டில் உலக இளையோர் விழாவுக்காக டென்வர் வந்தபோது, இப்பூங்காவை அடுத்துள்ள செயின்ட் மாலோ என்னுமிடத்தில் தங்கி மலைப்பாதையில் நடந்தார். போலந்தில் இளங்குருவாயிருந்த நாளிலேயே மாணவரையும் இளந்தம்பதியரையும் மலைகளுக்கும் ஏரிகளுக்கும் அழைத்துச் சென்று பழகியவர் அவர்.

இத்தகைய பயணம் வீட்டுக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. காட்டினுள் இரவு தங்க முன்னதாகவே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். கூடாரம், உறக்கப்பை, அடுப்பு, உணவு, மழையுடை ஆகிய அனைத்தையும் தரையில் பரப்பி, எது வேண்டும், எது வேண்டா என்று இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். வேண்டாத பொருள் ஒவ்வொன்றையும் யாரேனும் ஒருவர் முதுகிலே சுமந்தாக வேண்டுமன்றோ! சுமையைச் சரிபாதியாகப் பிரிப்பது நீதி போலத் தோன்றும். ஆயினும் உடல் வலிமைக்கு ஏற்பப் பிரிப்பதே இங்கு நீதி. வலியவர் கூடாரத்தைச் சுமக்க, மற்றவர் இலேசான உறக்கப்பையைச் சுமந்தால், இருவரும் ஒன்றாக நடந்துசெல்ல இயலும்.

காட்டின் விதிகளும் கண்டிப்பானவை. அங்குக் கருங்கரடிகள் உலவுகின்றன. ஆதலால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காட்டினுள் தங்குவோர், கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் உணவை அடைத்து வைக்க வேண்டும். சோப்பும் பற்பசையுங்கூட மணமுள்ளவையாதலால் அதனுள்ளேயே செல்ல வேண்டும். டப்பாவை வைக்கும் இடம் கூடாரத்திலிருந்து இருநூறு அடி தூரத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். பெரும்பாலான தங்குமிடங்களில் விறகு மூட்டவும் அனுமதியில்லை. சிறு எரிவாயு அடுப்பே துணை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 9,400 அடி உயரத்தில் ஏறத்தாழ 90 பாகை வெப்பத்திலேயே கொதிக்கும். ஆகவே அரிசியும் பருப்பும் வேக நெடுநேரமாகும். ஓடைநீரைக் குடிப்பதற்கு முன் மூன்று நிமிடமேனும் கொதிக்கவிட வேண்டும். பசியோடு காத்திருக்கும் அந்நேரத்தில் பொறுமையும் அடுப்பிலேற்றிச் சோதிக்கப்படுகிறது!

இவையெல்லாம் எளிய பாடங்கள். கடினமான பாடம் நடையிலே வருகிறது. 14,000 அடி உயரத்தில் நாம் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்களவே. சமவெளியிலிருந்து விரைந்து ஏறியவர்க்குத் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றலாம். இந்நோய் உடல் வலிமையைப் பார்த்து வருவதன்று. திடகாத்திரமான கணவன் சோர்ந்து அமர, மெலிந்த மனைவி இயல்பாக நடப்பதும் உண்டு. மலையடியில் ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்குதல் நலம். நோய்க்குறி தோன்றியபின் மேலும் ஏறலாகாது. குறி கடுமையாயின் உடனே கீழிறங்க வேண்டும். ஆனால் துன்பம் உற்றவர் அதனை வாய்விட்டுச் சொன்னாலன்றோ துணைவர் அறிவார்? “என்னால் இவர் பயணம் கெடுகிறதே” என்று மனைவி மறைக்கிறாள், “இவள் முன் தளர்ந்து காட்டுவதா?” என்று கணவன் மறைக்கிறான். இருவர் மௌனத்திலும் அன்பு உண்டு, ஆபத்தும் உண்டு.

1873இல் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி இச்சிகரத்தில் ஏறினார். உடன் சென்ற இளைஞர் இருவரைவிட அவர் மெதுவாகவே ஏற முடிந்தது. வழிகாட்டியாகச் சென்ற ஜிம் நூஜென்ட் அவரை விட்டகலாமல், கைகொடுத்தும் கயிற்றால் இழுத்தும் உச்சியில் சேர்த்தார். மெதுவாக நடப்பவரோடு நடப்பவரே வழிகாட்டி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் இழுத்துச் செல்வது எப்போதும் நன்மையாகாது. திரும்ப வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அம்மலைமீது நண்பகலுக்குப்பின் இடியும் மின்னலும் அடிக்கடி தோன்றும். மரங்கள் வளரும் எல்லைக்கு மேல் ஒதுங்க இடமே இல்லை. அதனாலேயே உச்சியை நாடுவோர் விடியற்காலை மூன்று மணிக்கோ அதற்கு முன்போ நெற்றிவிளக்குடன் புறப்படுகின்றனர். போகவர ஏறத்தாழ 15 மைல் தூரம். ‘சாவித்துளை’ எனப் பொருள்படும் பெயருடைய பாறைப் பிளவைக் கடந்தபின் பாதை பாறை விளிம்பாகிவிடும்; நடப்பவர் அங்கே கைகளையும் ஊன்றி ஏற வேண்டும். வெட்டவெளியில் மின்னலிடையே சிக்கிக்கொண்டால் இருவரும் அணைத்து நிற்றல் கூடாதென்றும், விலகி நின்று இறங்க வேண்டுமென்றும் அறிந்தோர் கூறுவர். ஒருவரை மின்னல் தாக்கினும் மற்றவர் பிழைத்து உதவ வேண்டும் என்பதே காரணம். அன்பு சில வேளைகளில் விலகியும் நிற்கிறது!

1925 ஜனவரியில் டென்வர் நகரத்து ஆக்னஸ் வெய்ல் என்னும் மங்கை, வால்டர் கீனர் என்னும் தோழருடன், கடுங்குளிரில் கிழக்குப் பாறை வழியே இவ்வுச்சியை அடைந்தார். முன்பு முயன்று முடியாமற் போன ஏற்றம் அது. இறங்குகையில் அவர் தவறி விழுந்தார். களைப்பினால் மேலே நடக்க இயலவில்லை. தோழர் உதவி தேடிச் சென்று திரும்புமுன் குளிரில் அவர் உயிர் பிரிந்தது. மீட்கப் புறப்பட்டவருள் ஒருவரும் மாண்டார். சாவித்துளையின் அருகே அவர் நினைவாகக் கட்டிய சிறு கல்வீடு இன்றும் நிற்கிறது. துணிவிலே குறையாதவர் அவர். உச்சியை எட்டும் வலிமையோடு இறங்கும் வலிமையும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதையே அக்கற்கள் நமக்குச் சொல்கின்றன.

ஆதலின் மலையேறும் தம்பதியர் அடிவாரத்திலேயே ஓர் உடன்பாடு செய்துகொள்வது நன்று. இன்ன மணிக்குள் இன்ன இடத்தை அடையாவிடில் திரும்பிவிடுவோம். இருவருள் யாரேனும் ஒருவர் “போதும்” என்றால் மற்றவர் காரணம் கேளாமல் திரும்புவார். திரும்பியபின் அதைச் சொல்லிக் காட்டமாட்டார். இம்மூன்றனுள் மூன்றாவதே கடினமானது! மேலே சென்றபின் பேசலாம் என்று விட்டுவிட்டால், உச்சி கண்ணெதிரே நிற்கையில், “இன்னும் கொஞ்ச தூரந்தானே” என்ற சொல்லே வென்றுவிடும்.

திரும்புகிறவர்க்கும் அம்மலையில் பரிசு உண்டு. அதே பாதையிலிருந்து பிரியும் வழியில் 11,780 அடி உயரத்தில் சாசம் ஏரி இருக்கிறது. அதன் கரையில் அமர்ந்தால், தாம் ஏறாது விட்ட சிகரத்தின் கிழக்குப் பாறை 2,000 அடிக்கு மேல் நேரே ஓங்கி நிற்பதைக் காணலாம். உச்சியில் நின்றவர் காணாத காட்சி அது.

நம்மில் பலர் அம்மலையைக் காணப்போவதில்லை. ஆயினும் நம் வீடுகளிலும் ஏற்றங்கள் உண்டு. கடன்பட்டுக் கட்டும் வீடும், மகளின் திருமணச் செலவும், தாங்கமாட்டாத வேலைச்சுமையும் அத்தகையவையே. அவற்றுள்ளும் ஒருவர் மூச்சுத் திணற, மற்றவர் முன்னே நடந்துகொண்டிருக்கலாம். இன்றிரவு உணவுக்குப்பின் ஒரு நாழிகை அமர்ந்து, “நான் நடக்கும் வேகம் உனக்குத் தாங்குகிறதா?” என்று கேட்டுப் பார்ப்போமாக. வரும் விடையை மறுக்காமல் கேட்டுக்கொள்வோமாக.