படகில் பதுங்கி வரும் நச்சுக்காற்று

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கத்துக் குடும்பங்கள் பல, வேன் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து பூலாவ் அமான் தீவுக்குப் போகிறவர்கள் உண்டு. தூண்டில் பைத்தியம் முற்றியவர்களோ கிரிக் தாண்டித் தெமெங்கோர் ஏரிக்கே போய், வீட்டுப் படகில் இரண்டு இரவு தங்கி வருகிறார்கள். பிள்ளைக்கு மிதவைச் சட்டை உண்டா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நல்லது. படகின் புகை எந்தப் பக்கம் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

புகை என்றால் கண் எரியும், மூக்கு காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் பெட்ரோல் புகையோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இந்த நச்சுக்காற்றோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு என்னவோ வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது.

2020-ஆம் ஆண்டில் நம் பட்டர்வொர்த்திலேயே, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த காருக்குள் உறங்கிய தோழியர் நால்வரில் மூவர் இறந்துபோனார்கள். அதற்குக் காரணம் இதே காற்றுதான். கதவடைத்த காரும், மழைக்குப் படுதா இறக்கிய படகறையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

"கடலில் காற்றுக்கா பஞ்சம்?" என்று கேட்கலாம். படகு முன்னே போகும்போது அதன் பின்புறத்தில் காற்று குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. பின்னால் கக்கிய புகையை அந்தப் பள்ளம் மறுபடி படகுக்குள்ளேயே இழுத்துவிடும். முன்பக்கத்துச் சன்னலை அடைத்துவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் ஆபத்து அதிகம். முன்பக்கமும் திறந்திருந்தால் காற்று ஊடுருவிப் போகும்.

நின்ற படகிலும் நிம்மதி இல்லை. விசிறிக்கும் விளக்குக்கும் ஜெனரேட்டர் ஓடுமல்லவா? 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பாவல் ஏரியில், வீட்டுப் படகின் பின்னால் நீந்திய 11 வயதும் 8 வயதுமான அண்ணன் தம்பி இருவர் மாண்டனர். படகின் பின்தட்டுக்கு அடியில், ஜெனரேட்டர் புகை தேங்கி நின்ற இடத்தில் அவர்கள் இருந்தார்கள். திறந்த வெளியில், பட்டப்பகலில் நடந்தது இது. அதன் பிறகுதான் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் யோசனை அங்கே வலுப்பெற்றது.

ஆகவே ஜெனரேட்டரோ இயந்திரமோ ஓடும்போது பிள்ளைகளைப் பின்தட்டில் உட்காரவும் அங்கே நீந்தவும் விடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு படகு இயந்திரத்தை ஓடவிட்டு நின்றால் 20 அடியாவது விலகுங்கள். மழை வந்துவிட்டதென்று மீன் சுட்ட கரியடுப்பை அறைக்குள் தூக்கி வருவது நம்மவர்கள் பழக்கம். தணல் சாம்பல் பூத்திருந்தாலும் அந்த நச்சு வெளிவந்துகொண்டுதான் இருக்கும். இரவு தங்கும் படகில் உறங்கும் அறையில் இக்காற்றைக் கண்டு மணியடிக்கும் கருவி உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கடைகளில் கிடைக்கும் பொருள்தான். புகையைக் கண்டு அலறும் கருவி வேறு, இது வேறு.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தள்ளாடுவது இவைதாம் அடையாளங்கள். கடல் மயக்கம் என்று தைலம் தடவிப் படுக்க வைத்துவிடுவோம். அங்கேதான் உயிர் போகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால் இயந்திரத்தை நிறுத்தி, எல்லாரையும் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வந்து, 999-ஐ அழையுங்கள்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் கருவியை மாட்டிப் பார்த்து, "98 காட்டுகிறது, பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். அதற்குப் பிராணவாயு எது, நச்சு எது என்று பிரித்தறியத் தெரியாது. சாதாரணக் காற்றில் இந்த நச்சு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். மருத்துவமனையில் "வாந்தி" என்று மட்டும் சொன்னால் சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணிவிடக்கூடும். இயந்திரம் ஓடிய படகில் இருந்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.