நுழைவுச்சீட்டை இகழாதீர்: கொடையாளர் கால்பந்தின் கணக்கு

கேரளக் கால்பந்தைப் பற்றிய விவாதம் எங்கு எழுந்தாலும் ஒரு கூற்று தவறாமல் முன்வைக்கப்படுகிறது: “டிக்கெட் வருவாயை நம்பி இந்நாட்டில் எந்தக் கிளப்பும் பிழைக்க முடியாது, பணமுள்ள முதலாளி ஒருவர் வேண்டும்.” பொருளியல் பயின்றோரும் இதை ஐயமின்றி ஒப்புக்கொள்வது வியப்பளிக்கிறது. இக்கூற்றின் முற்பாதி ஓரளவு உண்மை. பிற்பாதியோ நம் வரலாறு திரும்பத் திரும்பப் பொய்யாக்கிய நம்பிக்கை.

அவ்வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1997இல் தொடங்கப்பட்ட எஃப்.சி. கொச்சின், அதே ஆண்டில் மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்கு முதன்முறையாகக் கொண்டுவந்தது. ஐ.எம்.விஜயனும் ஜோ பால் அஞ்சேரியும் ஆடிய அந்த அணி சில ஆண்டுகளிலேயே பணமின்றிக் கலைந்தது. அடுத்து வந்த விவா கேரளா கைமாறி, சிராக் யுனைடெட் கேரளா எனப் பெயர்மாறி, 2012இல் மறைந்தது. எல்லைக்கு அப்பால் 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கோவை நேரு விளையாட்டரங்கை நிரப்பி வென்ற சென்னை சிட்டி, அடுத்த சில ஆண்டுகளில் அந்த லீகிலேயே இல்லாமற்போனது. இவை எவற்றுக்கும் தொடக்கத்தில் முதலாளிகள் இல்லாமலில்லை. ரசிகர்களும் இருந்தனர். செலவுக்கும் வரவுக்கும் இடையே ஒரு தொடர்புதான் இல்லை. ஆட்டக்காரரின் ஊதியம் மைதானத்தின் வருவாயிலிருந்து வராமல் ஒருவரது விருப்பத்திலிருந்து வருமாயின், அவ்விருப்பம் தளரும் நாளே கிளப்பின் இறுதி நாள்.

“அவை சிறு கிளப்புகள், பெருமூலதனம் வந்தால் நிலைமை மாறும்” என்பர். மாறியதா? 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரே கூட்டாளியிடம் ஒப்படைத்தது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் என்பது பின்னாளில் அதன் அளவு. 2025 டிசம்பரில் காலம் முடியவிருந்த அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில் இந்தியன் சூப்பர் லீகின் புதிய பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. அந்த ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல்நிலை ஆட்டக்காரர், பணியாளர் ஊதியத்தை நிறுத்திவைத்தது. ஒரு கையொப்பம் தாமதமானதற்கே நாட்டின் உச்சநிலைக் கால்பந்து நின்றுபோனது. கீழ்நிலையின் நோய் உச்சியையும் பற்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் நகரத்துக்கு வருவோம். 2024 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய சூப்பர் லீக் கேரளா நவம்பர் 10 அன்று முடிந்தது. ஆறு அணிகள். ஒவ்வொன்றும் மற்றவற்றோடு இருமுறை மோதியது. அதாவது, அரையிறுதியை நீக்கினால், நம் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் பாளையத்துச் சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கில் ஆடியவை ஐந்தே ஆட்டங்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நூறு ரூபாய்ச் சீட்டு, ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர், ஐந்து ஆட்டங்கள்: 50 லட்சம் ரூபாய். இருபத்தைந்து ஆட்டக்காரர்களுக்கு மாதம் ஐம்பதாயிரம் வீதம் மூன்று மாத ஊதியம்: 37.5 லட்சம். அரங்க வாடகை, பாதுகாப்பு, பயணம், பயிற்சியாளர், வெளிநாட்டு ஆட்டக்காரர் எனச் சேர்த்தால் கணக்கு குப்புற விழும். “பார்த்தீர்களா, டிக்கெட் போதாது” என்று உடனே எழுந்துவிட வேண்டாம். இக்கணக்கில் குறையுள்ளது விலையிலோ கூட்டத்திலோ அன்று. ஐந்து என்ற எண்ணில். பாதிக் கூட்டமே வந்தாலும், அதே விலையில், பதினைந்து ஆட்டங்கள் 75 லட்சம் தரும். ஆண்டில் 360 நாள் கதவடைத்துக் கிடக்கும் கடையை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் போதவில்லை என்று புலம்புவது எவ்வகைப் பொருளியல்?

சிலர் விலையை உயர்த்தச் சொல்வர். அவர்கள் 2023 ஜனவரி 15 அன்று காரியவட்டத்தில் நடந்ததை மறந்திருக்கலாம். இந்தியா இலங்கையை 317 ரன் வேறுபாட்டில் வென்ற ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் அது. சீட்டின் விலை ஆயிரமும் இரண்டாயிரமும். கேளிக்கை வரியோ 5 விழுக்காட்டிலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கிரிக்கெட்டுக்கே அரங்கின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. அதே அரங்கம் பல்கலைக்கழக நிலத்தில், தனியார் கட்டி நடத்தி ஒப்படைக்கும் முறையில், ஐ.எல்.எஃப்.எஸ். குழுமத்தால் எழுப்பப்பட்டது என்பதும், அக்குழுமம் 2018இல் கடன் கட்ட முடியாமல் வீழ்ந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. பெருமூலதனம் நிலையானது என்போர் வகுப்பறையிலிருந்து பத்து நிமிடம் நடந்துபோய் அந்த அரங்கைப் பார்த்து வரலாம்.

சீட்டு விற்று ஆட்டம் நடத்துவது நமக்குப் புதிதன்று. மலபாரின் செவன்ஸ் ஆட்டங்கள், அறுவடை முடிந்த வயல்களில் தற்காலிகக் காலரி கட்டி, சிறு தொகைக்குச் சீட்டு விற்று, வெளிநாட்டு ஆட்டக்காரருக்கும் கூலி கொடுத்து நடப்பவை. அதிகாரபூர்வக் கால்பந்து அவற்றை இழிவாக நோக்குகிறது. ஆனால் வரவறிந்து செலவிடும் பாடத்தை அவ்வயல்களிடமிருந்து கற்க மறுக்கிறது. நம் நகரில் இன்னொரு முறையும் இருந்தது: ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர், டைட்டானியம், கேரளக் காவல்துறை ஆகியவற்றின் அணிகள். 1990, 1991 ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற காவல்துறை அணியின் ஆட்டக்காரருக்கு ஆட்டம் முடிந்தபின்னும் வேலை இருந்தது. வங்கி 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. பொழியூர் கடற்கரையிலிருந்தும், எல்லை தாண்டிய தூத்தூர், இரவிபுத்தன்துறைக் கரைகளிலிருந்தும் வரும் இளைஞனுக்கு இன்று கிடைப்பது சில மாத ஒப்பந்தம். பருவம் முடிந்ததும் அவன் படகுக்கோ செவன்ஸ் வயலுக்கோ திரும்புகிறான். நம் விவாதங்களில் அவன் இடம்பெறுவதே இல்லை.

அமெரிக்கா இரு பாடங்களையும் தருகிறது. 1975இல் பெலேயை அழைத்துவந்த நியூயார்க் காஸ்மாஸைப் பின்பற்றி, வரவை மீறிச் செலவிட்ட வட அமெரிக்கக் கால்பந்து லீக் 1984 பருவத்தோடு முடிந்தது. மறுபுறம், 2012இல் ஐந்து நண்பர்கள் தொடங்கிய டெட்ராய்ட் சிட்டி, கீழ்நிலையில் ஆடிக்கொண்டே, ஒரு பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தமான பழைய அரங்கைச் செப்பனிட 2016இல் தன் ரசிகர்களிடமே ஏழு லட்சம் டாலருக்கு மேல் கடன் திரட்டியது. சீட்டு வாங்கியவர்களே கடன் கொடுத்தவர்களும் ஆயினர். இது தொண்டன்று. தம் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை.

நடிகர் பிருத்விராஜ் கொச்சி அணியிலும், சஞ்சு சாம்சன் மலப்புரம் அணியிலும் பங்கு கொண்டிருப்பதை நான் குறைகூறவில்லை. அவர்தம் புகழ் முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்கும். பதினைந்தாம் ஆட்டத்துக்குச் சேர்ப்பது பழக்கமே. ஆகவே கோரவேண்டியவை மூன்று. ஒவ்வோர் ஆட்டத்தின் கட்டணப் பார்வையாளர் எண்ணிக்கையையும் வசூலையும் லீக் வெளியிடட்டும். ஆட்டங்களின் எண்ணிக்கை மும்மடங்காகட்டும். ஊதியச் செலவு, உறுதிப்பட்ட வரவின் ஒரு பங்கைத் தாண்டாதபடி விதி வரட்டும். தாண்ட விரும்பும் முதலாளி அத்தொகையை முன்கூட்டியே வைப்பாகச் செலுத்தட்டும்.

இறுதியாக, ஆய்வு மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நிறுவனச் சட்டப்படி இயங்கும் கிளப்புகள் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் அளித்தாக வேண்டும்; நூறு ரூபாய் கட்டி யாரும் அவற்றைப் பார்க்கலாம். ஏறத்தாழ ஒரு காலரிச் சீட்டின் விலை. “டிக்கெட் வருவாய் அற்பம்” என்று அடுத்தமுறை எவரேனும் கூறினால், எந்த ஆண்டின் எந்தக் கணக்கைப் பார்த்துக் கூறுகிறீர்கள் என்று கேளுங்கள்.