எதிர்ப்பொருள் அறிக்கைக்கு அப்பால்

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஏ.எஸ்.ஓ. நார்மல், ஏ.என்.ஏ. நெகட்டிவ், ஆகவே வாதநோய் இல்லை. இப்படி எழுதிய சீட்டோடும் வீங்கிய முழங்காலோடும் ஊர் ஊராக அலைந்த பிறகு நம்மிடம் வந்து சேரும் நோயாளிகள் இன்றும் குறையவில்லை. அந்த மூன்று சோதனைகளும் கேட்பது ஒரே கேள்விதான்: பி செல்கள் ஏதாவது எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கின்றனவா? மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபிலும் சேர்ந்து மூட்டைச் சுட்டெரிக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் "இல்லை" என்றுதான் வரும். பதில் சரி, கேட்ட இடம்தான் தவறு.

இயல்பு நோயெதிர்ப்பைப் பற்றிய பாடத்தை மருத்துவக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் படித்துத் தேர்வெழுதிவிட்டுப் பலரும் அங்கேயே விட்டுவிடுகிறோம். மூட்டுநோய் பார்ப்பவர்களுக்கு அது தினமும் தேவைப்படும் பாடம். ஒரு நோயாளியின் அழற்சியை இயல்பு நோயெதிர்ப்பு நடத்துகிறதா, பெற்ற நோயெதிர்ப்பு நடத்துகிறதா, இரண்டும் கைகோத்து நடத்துகின்றனவா என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டாக வேண்டும். எந்தச் சோதனை, எந்த மருந்து, எந்த ஆபத்து என்பதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

கவுட்டை எடுத்துக்கொள்வோம். 1961இல் ஃபிலடெல்ஃபியாவில் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் கவுட் நோயாளிகளின் மூட்டு நீரை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்து, அதில் கிடந்த ஊசிகள் மோனோசோடியம் யூரேட் படிகங்கள் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஃபேர்ஸும் மெக்கார்ட்டியும் அந்தப் படிகங்களைத் தங்கள் சொந்த முழங்காலிலேயே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் கடும் வீக்கமும் வலியும் வந்தன. படிகம்தான் குற்றவாளி என்பது உறுதியானது. அது செல்லுக்குள் எந்த மணியை அடிக்கிறது என்று தெரியவர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2006இல் லொசானில் மார்ட்டினோனும் யூர்க் ட்ஷோப்பும் அவர்களது குழுவினரும் அதைக் கண்டார்கள்: படிகத்தை விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள் என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம் ஒன்றுகூடி, காஸ்பேஸ்-1ஐ எழுப்பி, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெட்டி வெளியே விடுகிறது. அதன் பின் நியூட்ரோஃபில்கள் திரளாக மூட்டுக்குள் இறங்குகின்றன. இந்தக் கதையில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை.

இதில் நம் அன்றாடத் தொழிலுக்கு மிகவும் பயன்படும் பகுதி ஒன்று உண்டு. படிகம் மட்டும் போதாது. மேக்ரோஃபேஜ் ஏற்கெனவே ஓரளவு தூண்டப்பட்டிருக்க வேண்டும். அந்த முதல் தூண்டலை டோல் போன்ற ஏற்பிகள் வழியாகக் கொழுப்பு அமிலங்களும் கொடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல ஆண்டுகளாக மூட்டில் படிகம் வைத்திருந்தும் வலியே அறியாதவர்கள் இருப்பதும், கல்யாண விருந்துக்கும் மதுவுக்கும் மறுநாள் விடியற்காலையில் கட்டைவிரல் வெடிப்பதும் இதனால் ஓரளவு விளங்குகின்றன. இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் படிகமாகும் வாய்ப்பு உண்டு என்பது வேதியியல். வலி வருவதோ மேக்ரோஃபேஜின் முடிவு. ஆகவே தேய்மான மூட்டுவலியோடு வந்தவரின் யூரிக் அமிலம் 7.5 என்று கண்டதும் கவுட் என்று எழுதிவிடுவதும், தாக்கு நடக்கும் நேரத்தில் அளவு நார்மலாக இருப்பதைக் கண்டு கவுட் இல்லை என்று அனுப்பிவிடுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். மூட்டிலிருந்து இரண்டு சொட்டு நீர் எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது. அதைச் செய்யும் பழக்கம் நம்மிடையே குறைந்துவருவது எனக்குப் பெரும் கவலை.

கான்டோஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. மாரடைப்பு வந்துபோன 10,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் மருந்தையோ வெற்று ஊசியையோ போட்டுப் பார்த்த ஆய்வு அது. மருந்து பெற்றவர்களிடம் கவுட் தாக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அவர்களுடைய யூரிக் அமிலம் அப்படியே இருந்தது. படிகத்தைத் தொடாமல் அழற்சியை மட்டும் அணைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த மருந்தின் விலை நம் நோயாளிகள் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் கோல்கிசின் எட்டும். மைக்ரோட்யூபுல்களைக் குலைத்து நியூட்ரோஃபில்களின் நடமாட்டத்தையும் இன்ஃப்ளமசோமின் கூட்டத்தையும் தளர்த்தும் அந்த மாத்திரைக்கான மூலப்பொருளை, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக் கிழங்குப் பந்தல்களில் விதையாக விளைவிக்கிறார்கள். அதே கிழங்கைத் தின்று உயிருக்குப் போராடுபவர்களை நம் அவசர சிகிச்சைப் பிரிவுகள் நன்கறியும். ஆகவே கிரியாட்டினின் பார்க்காமலும், கிளாரித்ரோமைசின் சாப்பிடுகிறாரா என்று கேட்காமலும் கோல்கிசின் எழுதக் கூடாது.

அலோபியூரினால் தொடங்கும்போது படிகத் திரள்கள் கரைந்து உதிர்கின்றன, உதிர்ந்தவை மேக்ரோஃபேஜின் கண்ணில் படுகின்றன, தாக்கு வருகிறது. "இந்த மாத்திரையால்தான் வலி கூடிற்று" என்று நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும், மூன்று முதல் ஆறு மாதம் வரை சிறிய அளவு கோல்கிசின் துணைக்குக் கொடுப்பதும், இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைப்பதும் அதற்காகத்தான். மூன்றாவதற்குக் காசு செலவில்லை, ஆனாலும் அதுவே அதிகம் விடுபடுகிறது.

ஸ்டில் நோயில் விடுபடுவதன் விலை இன்னும் அதிகம். மாலையில் 39 பாகையைத் தாண்டிக் குத்திட்டு ஏறி இறங்கும் காய்ச்சல், தொண்டை வலி, மூட்டு வலி, எகிறும் வெள்ளணு, ஆயிரக்கணக்கில் ஃபெரிட்டின். எதிர்ப்பொருள்கள் எல்லாம் நெகட்டிவ். நம் ஊரில் இந்தப் படத்தைப் பார்த்ததும் டைஃபாய்டு, டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், காசநோய் என்று நினைப்பது நியாயம்தான். அவற்றை முதலில் விலக்கவும் வேண்டும். ஆனால் நான்காவது ஆன்டிபயாடிக்கும் ஏறிய பிறகாவது வேறு யோசனை வர வேண்டும். பாடநூல் சொல்லும் இளஞ்சிவப்புத் தடிப்பு கறுத்த தோலில் அப்படித் தெரியாது. காய்ச்சல் ஏறியிருக்கும் மாலை நேரத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் மார்பையும் முதுகையும் பார்த்தால்தான் கிடைக்கும். காலைச் சுற்றில் அது மறைந்திருக்கும்.

குழந்தைகளில் இந்நோயின் உடன்பிறப்பான சிஸ்டமிக் ஜே.ஐ.ஏ.வில், 2005இல் வர்ஜீனியா பாஸ்குவாலும் குழுவினரும் இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ராவை ஒன்பது பேருக்குக் கொடுத்தார்கள். ஏழு பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. பல மருந்துகளுக்கு மசியாதிருந்த குழந்தைகள் அவர்கள். இதே நோயில் மேக்ரோஃபேஜ்கள் கட்டவிழ்ந்து போகும் நிலை ஒன்றும் உண்டு: தட்டணு விழும், ஃபெரிட்டின் ஏறும், ஈ.எஸ்.ஆர். குறையும். ஈ.எஸ்.ஆர். குறைவதைக் கண்டு நோய் தணிகிறது என்று யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது. ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோவதால் வரும் வீழ்ச்சி அது. சில நாட்களில் உயிரைக் கொண்டுபோகும்.

முடக்குவாதத்துக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது. வீக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் ஆன்டி-சி.சி.பி. இருக்கலாம் என்பது பெற்ற நோயெதிர்ப்பின் கைவரிசை. ஆனால் மூட்டுச் சவ்வில் டி.என்.எஃப்.ஐ வார்த்துக் கொட்டுவது பெரும்பாலும் மேக்ரோஃபேஜ். லண்டனில் ஃபெல்ட்மனும் மெய்னியும் 1992இல் டி.என்.எஃப். தடுப்பை நோயாளிகளிடம் சோதித்து இந்தத் துறையையே திருப்பிப் போட்டார்கள். கவுட்டிலும் ஸ்டில் நோயிலும் அற்புதம் செய்யும் அனகின்ரா 2001இலேயே முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றும் இங்கே பெரிதாகச் சோபிக்கவில்லை. மூட்டு வீக்கம் என்ற ஒரே முகத்தின் பின்னே வேறு வேறு இயந்திரங்கள் ஓடுகின்றன என்பதை அந்த ஒரு மருந்தின் வெற்றியும் தோல்வியும் சேர்ந்து சொல்கின்றன.

மேக்ரோஃபேஜை எதிரியாகவே பார்ப்பதும் சரியில்லை. எர்லாங்கனிலிருந்து 2019இல் வந்த ஆய்வு, சவ்வின் ஓரத்தில் ஒன்றோடொன்று இறுகக் கோத்து நின்று மூட்டைக் காக்கும் மேக்ரோஃபேஜ் வரிசை ஒன்றைக் காட்டியது. அழற்சி வரும்போது அந்த வரிசை குலைகிறது. 2020இல் கிளாஸ்கோவும் ரோமும் இணைந்து செய்த ஆய்வில், நோய் தணிந்திருக்கும் நோயாளிகளின் சவ்வில் அழற்சியை அடக்கும் மேக்ரோஃபேஜ் வகை மிகுந்திருந்தது; அது குறைந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடியது. "டாக்டர், மருந்தை எப்போது நிறுத்தலாம்?" என்ற கேள்விக்கு ஒருநாள் இங்கிருந்து பதில் வரும் என்றே நம்புகிறேன்.

டி.என்.எஃப்.ஐத் தடுக்கும்போது காசநோய்க் கட்டியைச் சுற்றி நிற்கும் காவலும் தளர்கிறது. 2001இல் இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களிடம் 70 காசநோய் நேர்வுகள் பதிவானபோது மேலை நாடுகள் அதிர்ந்தன. காசநோய் குடிகொண்ட நாட்டில் இருக்கும் நாம் அதைவிடப் பத்து மடங்கு கவனமாக இருக்க வேண்டியவர்கள். மார்பு எக்ஸ்ரேயும் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையும் முடியாமல் முதல் ஊசி போடக் கூடாது. பயோசிமிலர்கள் மலிவாகி மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்ட இந்நேரத்தில் இதை மறுபடி மறுபடி எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

எதிர்ப்பொருள் நோய்களின் அரசியான லூபஸிலும் இயல்பு நோயெதிர்ப்பின் பங்கு பெரிது. டோல் ஏற்பி-7ஐ அளவுமீறித் தூண்டும் ஒரே ஒரு மரபணு மாற்றமே ஒரு குழந்தைக்கு லூபஸ் வரப் போதும் என்று 2022இல் தெரியவந்தது. நாம் தலைமுறைகளாக எழுதிவரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அந்த ஏற்பிகள் வேலை செய்யும் அறையைத்தான் மந்தப்படுத்துகிறது.

கடைசியாக, 2020க்குப் பிறகு எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நோய் வெக்ஸாஸ். யூ.பி.ஏ.1 என்ற மரபணுவில் பிறந்த பிறகு, பெரும்பாலும் முதுமையில், இரத்த முன்னோடிச் செல்களில் ஏற்படும் மாற்றம் இது. நோயாளி ஐம்பது, அறுபது கடந்த ஆண். விடாத காய்ச்சல், காது மூக்குக் குருத்தெலும்பு வீக்கம், தோல் தடிப்பு, மூட்டு வலி. ஸ்டீராய்டைக் குறைத்தால் எல்லாம் திரும்பிவிடும். எதிர்ப்பொருள் அறிக்கை பெரும்பாலும் உதவாது. எம்.சி.வி. உயர்ந்த இரத்தசோகை துப்புக் கொடுக்கும். அப்படி ஒருவர் உங்கள் பராமரிப்பில் இருந்தால் பழைய எலும்பு மஜ்ஜை ஸ்லைடை வரவழைத்து, மைலாய்டு, எரித்ராய்டு முன்னோடிகளில் குமிழ்கள் இருக்கின்றனவா என்று நோயியல் நிபுணரோடு உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். இருந்தால், யூ.பி.ஏ.1 சோதனைக்கு இரத்தம் அனுப்புங்கள்.