ராலாமிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும், வேன் ஓட்டும் நானாமாரும் கடைசிவரை வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

காலை ஏழு மணிக்கு காலி வீதியில் மஞ்சள் கடவைக்கு முன்னால் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் நம் பிள்ளைகள். முன்னால் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும் 100, 101 பஸ்கள், ஆட்டோக்கள், போனைப் பார்த்தபடி வரும் கார்கள். அவரிடம் இருப்பது ஒரு விசிலும் இரண்டு கையும்தான். வாகனம் நிற்காவிட்டால் முதலில் அடிபடுவது அவர்.

அந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? கடவைக்கு மேலேயே காரை நிறுத்திப் பிள்ளையை இறக்குகிறோம். எடுக்கச் சொன்னால் முறைக்கிறோம். "நான் யாரென்று தெரியுமா?" என்கிறோம். தண்டப்பணப் பத்திரத்தை எடுத்தால் தெரிந்த பெரிய மனிதருக்குக் கோல் எடுக்கிறோம். பின் சீட்டில் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வகுப்பில் நாங்கள் குடியியல் கல்வி படிப்பிக்கிறோம். பாடசாலை வாசலில் ஒரே நிமிடத்தில் அதை நீங்கள் அழித்துவிட்டுப் போகிறீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். வட்ஸ்அப் பார்க்க இரண்டு வினாடி குனிந்தால் 28 மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 28 மீற்றருக்குள் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றால் அவருக்குத் தப்ப வழி இருக்கிறதா? ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோரை வீதி விபத்துகளில் அடக்கம் செய்யும் நாடு இது. அப்படிப்பட்ட வீதியின் நடுவில் எட்டு மணி நேரம் நில் என்று ஒருவரை அனுப்பி வைத்திருக்கிறோம்.

வாகனம் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2017 ஜூலை 22 நல்லூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நீதிபதி இளஞ்செழியனின் வாகனம் நெரிசலில் சிக்கியபோது வழியை ஒழுங்குபடுத்த வீதியில் இறங்கியவர், அவருடைய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் ஹேமச்சந்திர. அவருடைய துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டார்கள். சிலாபத்துச் சிங்களவர். பதினைந்து வருடங்களுக்கு மேல் ஒரு தமிழ் நீதிபதிக்குக் காவலாக நின்றவர். அந்த நீதிபதி அவருடைய மனைவியின் காலடியில் விழுந்து அழுத காட்சியை நாடே பார்த்தது. பிள்ளைகளைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தனக்காக வீதியில் நின்றவரின் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2018 நவம்பர் இறுதியில், மட்டக்களப்பு வவுணதீவில், வீதிச் சோதனைச்சாவடியில் இரவுக் காவலில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். கணேஷ் தினேஷ், நிரோஷன் இந்திக. ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். செய்தது சஹ்ரானின் கும்பல் என்று 2019 ஏப்ரல் 21க்குப் பிறகுதான் வெளியே வந்தது. நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போவதற்கு ஐந்து மாதம் முன்பே வீதியோரம் காவல் நின்ற இருவரைக் கொன்றிருந்தார்கள். அந்தக் கொலையை அன்றே சரியாகத் துலக்கியிருந்தால் என்று எத்தனையோ பேர் இன்றும் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அந்த இருவருடைய பெயரும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிலர் இப்போது கமென்டில் எழுதப் போவது எனக்குத் தெரியும். "சேர், இவங்க இலஞ்சம் வாங்குறவங்க தானே?" வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லைசன்ஸுக்குள் காசை மடித்து வைத்து நீட்டுகிற கை யாருடையது? கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பாவத்தில் பங்காளிகள் என்பது மத்ரஸாப் பிள்ளைக்கே தெரியும்.

இன்னொரு பக்கம், "2019க்குப் பிறகு எங்கள் பெண்களைச் சோதனைச்சாவடிகளில் எப்படி நடத்தினார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014 அளுத்கமையிலும் 2018 திகனையிலும் பொலிஸ் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பற்றிய கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. நீதிமன்றத்திலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் அந்தக் கணக்கை மஞ்சள் கடவையில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பொடியனிடம் எக்ஸலேட்டரால் தீர்க்க முடியாது. பொலிஸைக் கேள்வி கேட்கும் உரிமை, வீதியில் நிற்பவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பும் கடமையை ரத்துச் செய்யாது.

அமெரிக்காவில் 1994ல் வீதியோரம் உதவிக்குப் போன ஓர் அவசர மருத்துவ ஊழியர் வாகனத்தில் அடிபட்டார். அதிலிருந்து தென் கரோலினா மாநிலத்தில் 1996ல் ஒரு சட்டம் பிறந்தது. வீதியோரத்தில் பொலிஸ், அம்பியுலன்ஸ் நின்றால் வேகத்தைக் குறை, அடுத்த நிரலுக்கு விலகு. இன்று 50 மாநிலங்களிலும் அது சட்டம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று படித்து வளர்ந்த நமக்கு இதற்கு ஒரு சட்டம் வேண்டுமா?

பொலிஸ் திணைக்களத்துக்கும் ஒரு வார்த்தை. இருட்டில் ஒளி தெறிக்கும் அங்கி இல்லாமலும், விளக்கில்லாத இரும்புத் தடையோடும் ஆளை நிறுத்தாதீர்கள். ஓடிவரும் மோட்டார் சைக்கிளின் குறுக்கே பாய்ந்து பிடிப்பது வீரம் அல்ல. இலக்கத் தகட்டைப் படம் எடுக்கக் கொழும்பில் கமரா இருக்கிறது. தண்டப்பணத்துக்காக ஒரு மனித உடம்பைத் தடையாக வைக்க வேண்டியதில்லை.

நாளைக் காலையிலிருந்து செய்யக்கூடியது இவ்வளவுதான். கடவையில் வாகனத்தை நிறுத்தாதீர்கள், ஐம்பது அடி தள்ளி இறக்கினால் பிள்ளை தேய்ந்துவிடாது. கை நீட்டியவரைக் கண்டதும் பிரேக்கில் கால் வையுங்கள். இரவுச் சோதனையில் ஹெட்லைட்டைத் தாழ்த்தி, வாகனத்துக்குள் லைட்டைப் போடுங்கள். பிழை செய்தால் தண்டப்பணத்தைக் கட்டுங்கள், கோல் எடுக்காதீர்கள்.

ஜும்ஆ நாளில் பள்ளிக்கு வரும் நம் வாகனங்களுக்கும், வேல் விழா நாளில் காலி வீதியில் இழுத்துவரும் தேருக்கும் வழிவிட்டு வெயிலில் நிற்பது அதே ராலாமிதான். அவர் யாருடைய மதத்தையும் கேட்டுவிட்டு நடுவீதியில் இறங்குவதில்லை.