பெயர் மாறிய ரேகைச் சட்டம்

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் போலீஸார் துப்பாக்கியால் சுட்டார்கள். விரலில் மை தடவிப் பதிவேட்டில் ரேகை வைக்க ஊரார் மறுத்திருந்தனர். செத்து விழுந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’.

1871-ல் வட இந்தியாவில் பிறந்த அந்தச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தச்சர் மகன் தச்சராவதுபோலத் திருடர் மகனும் திருடராவான் என்று அதற்காக வாதாடிய அதிகாரிகள் நம்பினர். பிரமலைக் கள்ளர், குறவர் எனச் சாதி சாதியாகப் பட்டியல் நீண்டது. பதிவேட்டில் ஏறியவர்கள் இரவில் போலீஸார் முன் ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். களவு போன வீட்டில் தடயம் தேடும் வேலை போலீஸுக்கு மிச்சமானது.

இந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் ரத்து செய்யப்பட்டது. ஆனால், 1948-லேயே இங்கு ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டம் வந்துவிட்டது. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. சட்டத்தில் சாதிப் பெயர் இல்லை. சந்தேகம் மட்டும் பழைய வீடுகளின் கதவையே தட்டியது. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில், நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் சந்துரு நடத்திய அந்த வழக்கே ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடித்தளம்.

சிறைகளிலும் அதே நிழல்தான்.

சமையலுக்கு ஒரு சாதி, துப்புரவுக்கு ஒரு சாதி எனப் பிரித்த சிறை விதிகளை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்ப்பது காலனிய மனப்பான்மையின் தொடர்ச்சி என்பதையும் சுட்டிக்காட்டியது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாக அடைத்ததற்குச் சொல்லப்பட்ட ‘மோதல் தவிர்ப்பு’ என்ற காரணத்தையும் ஏற்கவில்லை. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கலத்தை நீக்கச் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. காலனியச் சுவடு அழிந்ததாக ஆட்சியாளர்கள் பெருமைப்படுகிறார்கள். அது உண்மையாக வேண்டுமானால், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் உள்ள மாநிலங்கள் அதை ரத்து செய்ய வேண்டும். சந்தேக நபர்களைப் பற்றிக் காவல் நிலையங்கள் வைத்திருக்கும் ‘சரித்திரப் பதிவேடு’ ஒவ்வொன்றையும் நீதித் துறை பரிசீலிக்க வேண்டும். திருட்டுப் புகார் வந்ததும் குறவர் குடியிருப்புக்கு ஜீப் கிளம்பினால், என்ன சாட்சியத்தின் பேரில் என்பதைக் காவல் ஆய்வாளர் எழுத்தில் பதிய வேண்டும்.