பாரவோனின் செங்கற்கள்

"யாரும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லையே! பணம் வாங்கினார்கள், உழைக்கிறார்கள். இதில் அடிமைத்தனம் எங்கே வந்தது?" ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது அன்பர் ஒருவர் என்னிடம் இப்படி வினவினார். பேச்சு செங்கற் சூளைகளைப் பற்றியது. அவர் கெட்டவர் அல்லர். நம்மில் பலர் எண்ணுவதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே.

அந்தப் பணத்தின் கதை என்ன? மருத்துவச் செலவுக்கோ மகளின் திருமணத்துக்கோ ஒருவன் முன்பணம் பெறுகிறான். பொங்கல் கழிந்ததும் மனைவி மக்களோடு சூளைக்கு வருகிறான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. ஆனால் கைக்கு வருவது வாரச் செலவுக்கான சிறு தொகையே. கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். மழையில் கரைந்த பச்சைக் கல்லுக்குக் கூலி இல்லை. பருவ முடிவில் கடன் மிச்சம் நிற்கும். மறு ஆண்டும் வந்தாக வேண்டும். ஊரில் தாய் இறந்தாலும் ஒருவர் பிணையாகத் தங்க, மற்றவரே போகலாம். இதற்குமேல் சங்கிலி எதற்கு?

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனையே அழித்துவிட்டது. அதைத் திரும்பப் பெறுவது குற்றம். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது: பசியின் நெருக்குதலும் கட்டாயமே, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே. அன்பரின் வினாவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை வந்துவிட்டது.

சூளை ஒரு வடிவம்தான். மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசைகாட்டி நூற்பாலை விடுதிகளில் இளம் பெண்களை அடைத்து வைத்த 'சுமங்கலித் திட்டம்' மற்றொன்று. வீட்டு வேலைக்கு வளைகுடா சென்ற பெண்ணின் கடவுச்சீட்டை வீட்டுக்காரர் பூட்டி வைப்பது இன்னொன்று. 2021-இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது.

நமக்கு இது புதிய செய்தியா? விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். பாரவோன் வைக்கோல் தர மறுக்கிறான். செங்கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்க மறுக்கிறான். எண்ணிக்கை குறைந்தபோது அடி வாங்கிய மேற்பார்வையாளரும் இஸ்ரயேலரே. இன்றைய மேஸ்திரியும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான்! பாஸ்கா திருவிழிப்பில் ஆண்டுதோறும் செங்கடல் கடந்த பகுதியைக் கேட்கிறோம். அவர்கள் தப்பி ஓடியது ஒரு செங்கற் களத்திலிருந்து என்பது மட்டும் நம் காதில் விழுவதில்லை.

ஆலயத் திருப்பணிக்குக் கல் வாங்கும்போது, ஆயிரத்துக்கு இருநூறு ரூபாய் குறைத்துப் பேசியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஆயிரத்தை அறுத்தவனுக்கு எவ்வளவு என்று சூளைக்காரரிடம் கேட்டோமா? என்னிடம் வினவிய அன்பர் எங்கள் பங்கின் கட்டடக் குழு உறுப்பினர். அடுத்த வாரம் லாரி வருகிறது.