பராமரிப்பு என்னும் சொல்

'ஹஸ்பண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கணவன் என்றே நாம் பொருள் கொள்கிறோம். அதன் தொடக்கப் பொருள் அதுவன்று. வட ஐரோப்பாவில் வழங்கிய பழைய நோர்ஸ் மொழியில், சொந்த வீட்டில் குடியிருந்து அதை ஆண்டு நடத்தியவனை 'ஹூஸ்போந்தி' என்றனர். அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்த பிறகே மணமான ஆடவனையும் குறிக்கலாயிற்று. அவன் செய்த பணியே 'ஹஸ்பண்ட்ரி'. முதலில் இல்லத்தை நடத்தும் முறையையும், பின்னர் உழவு, கால்நடை வளர்ப்பு, சிக்கனம் ஆகியவற்றையும் அது குறித்தது.

இச்சொல்லை இன்று நாம் அரசுத் துறை ஒன்றின் பெயரில் காண்கிறோம். தமிழில் அது கால்நடை பராமரிப்புத் துறை. நம் முன்னோர் ஆண்டவரின் காவலைக் குறிக்க 'தேவ பராமரிப்பு' என்று கூறியதும் இதே சொல்லால்தான். பசுவுக்கு வேளை தவறாமல் தண்ணீர் காட்டும் எளிய பணிக்கும், உலகைக் காக்கும் இறைவனின் செயலுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது. யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இயேசுவும் தம் தந்தையைத் திராட்சைக் கொடியைப் பேணும் உழவராகவே காட்டுகிறார். பழைய டூவே ஆங்கில விவிலியம் அவ்விடத்தில் 'ஹஸ்பண்ட்மேன்' என்ற சொல்லை ஆள்கிறது.

தொடக்கநூல் 2:15 மனிதனுக்கு இரு கடமைகளைத் தருகிறது: நிலத்தைப் பண்படுத்தல், அதைக் காத்தல். இவ்விரண்டையும் பிரிக்கலாகாது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் விளக்கினார். நிலத்துக்குச் சொன்னது இல்லத்துக்கும் பொருந்தும். பொருள் ஈட்டுவதோடு தம் கடமை முடிந்தது என எண்ணும் குடும்பத் தலைவர்கள் நம் பங்குகளிலும் உளர். அரிசிப் பானையின் அளவும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், முதியோரின் மருந்தும் மனைவியின் கவலையாகவே நின்றுவிடுகின்றன. புதுநன்மை விருந்துக்கு வட்டிக்குக் கடன் வாங்க முடிவு செய்பவர் ஒருவர். அதை அடைக்க வயிற்றைக் கட்டுபவர் வேறொருவர். இதைப் பராமரிப்பு என்று எவ்வாறு கூறுவோம்?

சிக்கனம் என்பது கையை இறுக மூடுவதுமன்று. வேளாண்மை என்ற நம் சொல்லைத் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் பிறர்க்கு உதவுதல் என்ற பொருளில் ஆள்கிறார். வீணாக்காத இல்லத்தில்தான் வாசலில் வந்து நிற்பவருக்கும் ஒரு பிடி சோறு மிஞ்சும்.

இம்மாதம் ஒரு மாலை, செபமாலை முடிந்ததும், கணவனும் மனைவியும் வீட்டுக் கணக்கேட்டைச் சேர்ந்து அமர்ந்து பார்ப்பார்களாக. தேவ பராமரிப்பை நம்பும் நாம், நம் கையில் அவர் ஒப்படைத்த இல்லத்தையும் பராமரிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.